வரிசையாய் முளைத்த சூரியகாந்தி

என் வீட்டுக்காரருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இதை அரசாங்கத்திடம் நான் முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் நிலம் எத்தனை ஏக்கர் என்று கேட்டார்கள், கிணறு எத்தனை அடி என்று கேட்டார்கள், வங்கிக் கணக்கு எண்ணை மூன்று இடத்தில் எழுதச் சொன்னார்கள். ‘உங்கள் கணவரால் மூன்று வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா?’ என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் ‘முடியாது’ என்று எழுதிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன்.

திட்டம் இதுதான். எங்கள் பக்கம் நிலத்தடித் தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விட்டது. ஆளாளுக்கு ஆழமாகத் துளை போட்டு உறிஞ்சியதில் எல்லோருடைய கிணறும் ஒன்றாகக் கையை விரித்துவிட்டது. அதனால் நிலத்தை மூன்று வருஷம் தரிசாகப் போடுகிற விவசாயிக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டுக்கு ஒரு முறை மானியம் தருவோம் என்று அறிவித்தார்கள். பயிர் வைப்பதற்கு இல்லை, வைக்காமல் இருப்பதற்கு.

“இதென்னடி கூத்து?” என்று அவர் சிரித்தார். “வேலை செஞ்சாலே ஒழுங்கா காசு வராது. செய்யாம இருக்கறதுக்கு எவன் குடுப்பான்?”

சிரித்தவர்தான் இரண்டு மாதத்தில் போய்க் கையெழுத்துப் போட்டார். காரணம் நான். இன்னும் சரியாகச் சொன்னால் என் முழங்கால்கள். இரண்டும் தேய்ந்துபோய் எலும்போடு எலும்பு உரசுகிறது, இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் வேண்டாம், ஒரு வருஷ இடைவெளியில் ஒவ்வொன்றாக என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருஷத்துக்கு ஒரு முழங்கால், வருஷத்துக்கு ஒரு மானியம். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. எனக்காகத்தான் அவர் நிலத்தைச் சும்மா போட்டார். அதை நான் எங்கேயும் மறுத்துப் பேச மாட்டேன்.

முதல் வருஷப் பணம் சொன்ன தேதிக்கு வந்தது. வலது முட்டி புதிதாக வந்தது. முதன்முதலாகக் கம்பைப் பிடிக்காமல் அடுக்களையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்தபோது நான் அழுதுவிட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தூசி” என்றார். இடது காலுக்கு அடுத்த வருஷம் தேதி குறித்துக் கொடுத்தார்கள். “இதை ரொம்ப நாள் தள்ளிடாதீங்கம்மா. இடது காலுக்கும் சேர்த்து வலது கால் பாரம் தாங்குது. விட்டா மாத்துன காலும் வீணாயிடும்” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருஷம் இந்த மனிதர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். கதவுக் கீல் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டார். நான் இருபது வருஷமாக வைத்துப் பழகிய மசாலா டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்தார்; அவசரத்துக்கு மிளகாய்த்தூள் கையில் சிக்காமல் நான் பல்லைக் கடித்தேன். வேலையில்லாமல் நின்ற டிராக்டரை வாரம் ஒரு முறை கழுவித் துடைத்தார். ஒரு நாள் என் செருப்பின் வாரைக்கூடத் தைத்துக்கொண்டிருந்தார். அது அறுந்திருக்கவே இல்லை.

“என்னங்க, கொஞ்சம் சும்மாதான் உக்காருங்களேன். அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறான்?”

“உக்காந்துகிட்டுத்தானே இருக்கேன்?” என்பார், ஊசியைக் கையில் பிடித்தபடி.

இரண்டாவது வருஷம் மழை பெய்தது. பேய்மழை இல்லை, அளவாக, இரண்டு நாள் விட்டு ஒரு நாள் என்று பெய்தது. பயிர் வைத்திருந்த வருஷமெல்லாம் கண்ணில் காட்டாத மழை தரிசாகப் போட்ட பிறகு வந்து கொட்டியது. மூன்று ஏக்கரிலும் புல் முளைத்தது. புல் முளைத்தால் தப்பில்லை; தானாக வருகிற புல் பூண்டைக் கத்தரித்துப் போடலாம் என்று அவர்கள் கொடுத்த கையேட்டிலேயே இருந்தது. விதைக்கக் கூடாது, தண்ணீர் பாய்ச்சக் கூடாது, மண்ணைக் கிளறக் கூடாது. இந்த மூன்றும்தான் பெரிய எழுத்தில் இருந்தது.

தினமும் காலையில், “சும்மா ஒரு பார்வை பாத்துட்டு வரேன்” என்று நிலத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறிய பிறகுதான் வருவார். முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். டப்பா அடுக்குவது நின்றது. நானும், அப்பாடா, தொல்லை விட்டது என்று இருந்தேன். பின்பக்கக் கதவில் நின்று பார்த்தால் நிலத்தின் கடைக்கோடிப் பள்ளத்தில் மற்ற இடத்தைவிடப் பச்சை கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தது. புல்தான் என்று நினைத்தேன். அவ்வளவு தூரம் நடந்து போய்ப் பார்க்க எனக்குக் கால் இல்லை.

பிறகு ஒரு நாள் என் போனுக்குச் செய்தி வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ‘செயற்கைக்கோள் படத்தில் தங்கள் நிலத்தில் சாகுபடி காணப்படுகிறது. கள ஆய்வு முடியும் வரை இரண்டாம் ஆண்டுத் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது.’ ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

“நம்ம நிலத்துல என்னங்க இருக்கு?”

“ஒண்ணுமில்ல” என்றார். பிறகு, “போன தடவ வச்ச சூரியகாந்தி, அறுவடையில கொட்டினது கொஞ்சம், தானா முளைச்சிருக்கு” என்றார்.

“தானாவா?”

“சத்தியமா தானாடி.”

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. எனக்குத் தெம்பு வந்தது. தானாக முளைத்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும், வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று இருந்தேன்.

ஆய்வாளர் ஒரு இளம்பெண். ஸ்கூட்டரில் வந்தாள். என் மகளைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். என் காலைப் பார்த்ததும், “நீங்க பின்னாடி உக்காருங்கம்மா” என்று வண்டியிலேயே என்னை நிலம் வரைக்கும் அழைத்துப் போனாள். நல்ல பெண். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடைசியில் யாரைத் திட்டுவது என்று ஆள் தேடியபோது அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பள்ளத்து ஓரத்தில் வண்டி நின்றது. இவர் எங்களுக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தார். நான் இறங்கிப் பார்த்தேன்.

அரை ஏக்கர் இருக்கும். இடுப்பு உயரத்துக்குச் சூரியகாந்தி. ஓரத்து வரிசை முந்திப் பூத்திருந்தது, மற்றதெல்லாம் மொட்டு விரிய ஆரம்பித்திருந்தன. ஒரு வரிசை, அடுத்த வரிசை, அதற்கு அடுத்த வரிசை என்று கயிறு கட்டி நட்டது போல நேராக நின்றன. வரிசைக்கு நடுவில் ஒரு புல் இல்லை. அடியில் மண் அணைத்துக் கரை கட்டியிருந்தது. இப்படி ஒரு பயிரை நாங்கள் பயிர் வைத்த வருஷங்களில்கூட நான் பார்த்ததில்லை.

“தானா முளைச்சதுன்னு சொன்னீங்க” என்றாள் ஆய்வாளர்.

“தானாத்தாங்க மேடம்” என்றார் இவர்.

“தானா முளைச்சது இப்படி நூல் புடிச்ச மாதிரியா நிக்கும்?”

குனிந்து ஒரு செடியின் அடிமண்ணைத் தட்டிவிட்டார். பிறகு, “கும்பலா முளைச்சுக் கிடந்துச்சுங்க. ஒண்ண ஒண்ணு நெருக்கிக்கிட்டு ஒண்ணும் தேறாத மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் கலைச்சு விட்டேன். பிடுங்கினதத் தூக்கிப் போட மனசு வரல, காலியா இருந்த இடத்துல வச்சேன்” என்றார்.

“எவ்வளவு இடைவெளி விட்டு வச்சீங்க?”

“வரிசைக்கு ரெண்டடி, செடிக்கு ஒரு அடி” என்றார், முகமெல்லாம் மலர. நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எங்கே நிறுத்துகிறார்? “மண்ணு அணைக்கலேன்னா காத்துக்குச் சாஞ்சிடுங்க மேடம். அதான் அணைச்சேன். தண்ணி மட்டும் விடல. பிடுங்கி நட்டதுக்கு முதல் ரெண்டு நாள் ஒவ்வொரு சொம்பு ஊத்தினேன், அவ்வளவுதான்.”

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். சிரிப்பை அடக்கினாளா, வேறு எதையாவது அடக்கினாளா, தெரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“இது சிதறிக் கிடந்திருந்தா நான் களைன்னு போட்டுட்டுப் போயிருப்பேம்மா. அதுக்கு விதியிலேயே இடம் இருக்கு. இத என்னன்னு போடறது நான்?”

“மேடம், அவருக்கு சும்மா இருக்கத் தெரியாது. வேற ஒண்ணும் இல்ல. வித்துக் காசாக்கணும்னு செய்யல.”

“எனக்குப் புரியுதும்மா. ஆனா அந்தப் படம் மேல ஆகாசத்துல இருந்து எடுக்கறது. அதுக்கு வரிசைதான் தெரியும்.”

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் நடந்தாள். பிறகு படம் எடுக்காமல் அதைப் பைக்குள் வைத்தாள். “பத்து நாள் தர்றேன். அடியோட வெட்டி, அள்ளி வெளிய போட்டுடுங்க. வெட்டறதுக்கு மட்டும்தான் அனுமதி. வேரப் பிடுங்காதீங்க, டிராக்டர இறக்காதீங்க. மண்ணு புரண்டா மேல இருந்து பாக்கறப்ப நிலம் நிறம் மாறித் தெரியும், விதைக்கத் தயார் பண்ணியிருக்காங்கன்னு வந்துடும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. திட்டத்த விட்டே எடுத்துடுவாங்க. போன வருஷம் வாங்கினதையும் திருப்பிக் கேப்பாங்க.”

போன வருஷம் வாங்கியது என் வலது காலுக்குள் இருந்தது. அதை எப்படித் திருப்புவது என்று கேட்கத் தோன்றியது, ஆனால் அது கிண்டல் பண்ணுகிற நேரம் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பத்து நாள் எதுக்கு மேடம், நாளைக்கே வெட்டிடுவாரு” என்றேன்.

அவரும் தலையை ஆட்டினார்.

மறுநாள் வெட்டவில்லை. அரிவாளைத் தீட்டினார். அதற்கு மறுநாளும் தீட்டினார். மூன்றாம் நாள் மழை தூறியது, ஈரத்தில் வெட்டினால் வழுக்கும் என்றார். நாலாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

“ஏங்க, அரை ஏக்கர். ஒரு நாள் வேலை. உங்களால முடியலேன்னா ஆள் விட்டுக்கலாம்.”

“வேற ஆளு கை வைக்க வேண்டாம். நானே செய்யறேன்.”

“எப்போ? எனக்கு ஆபரேஷன் ஆன பிறகா? ஆபரேஷனுக்கே அதுதான் காசு, ஞாபகம் இருக்கா?”

“எனக்கு ஞாபகம் இல்லாமலா?” என்றார். குரல் உடைந்தது.

நகரத்தில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். அவள்தான் ஆஸ்பத்திரியில் பேசித் தேதி வாங்கியவள். “அப்பாவ ஒரு ரெண்டு நாள் இங்க அனுப்பிடும்மா. நீ ஆள் விட்டு வெட்டிடு. அவரு கண்ணுல படாம முடிஞ்சிடும்” என்றாள். மூளைக்காரி. ஆனால் இவரிடம் சொன்னபோது, “நான் எதுக்கு என் நிலத்த விட்டு ஓடணும்?” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதற்குள் மொட்டெல்லாம் விரிந்து, பின்பக்கக் கதவிலிருந்து பார்த்தாலே பள்ளம் முழுக்க மஞ்சளாகத் தெரிந்தது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களையெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது.

எட்டாம் நாள் இன்னொரு விஷயம் நடந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில் அரிவாளை எடுத்துக்கொண்டு, கம்பை ஊன்றி ஊன்றி நானே போனேன். பத்து நிமிஷ நடை எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இந்த மனுஷன் செய்யாவிட்டால் நான் செய்கிறேன், செத்தாலும் சரி என்கிற வைராக்கியம். இடது காலை மடக்க முடியாமல் ஓரத்தில் சாய்ந்து நின்று முதல் செடியை வெட்டினேன். இரண்டாவதை வெட்டினேன். மூன்றாவது செடி அந்த வரிசையிலேயே முந்திப் பூத்தது போல. இதழெல்லாம் உதிர்ந்து தட்டு நிறைய விதை கட்டியிருந்தது. என்னை அறியாமல் ஒரு விதையைக் கிள்ளி நகத்தால் அழுத்தினேன். வெள்ளையாகப் பால் வந்தது. இன்னும் மூன்று வாரம் விட்டால் கெட்டிப்பட்டுவிடும்.

நான் அரிவாளைக் கீழே போட்டுவிட்டேன். கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் வலிதான். ஆனால் கால் வலி மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து அவர் எழுந்திருக்கும் முன் படுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் தானாகவே எழுந்து, ஒரு வாய் காபி குடித்துவிட்டு, அரிவாளோடு கிளம்பினார். “இன்னிக்கு முடிச்சுடறேன்” என்றார். கண்ணைப் பார்த்துச் சொன்னார். நான் பின்பக்கக் கதவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். தூரத்தில் அவர் குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. மஞ்சளில் ஒரு கோடு காணாமல் போயிற்று. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்தக் கோடு முடிந்ததும் அவர் வரப்பில் உட்கார்ந்தார். இளைப்பாறுகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்தவர் நிலத்துக்குள் போகாமல் வீட்டை நோக்கி நடந்து வந்தார்.

தண்ணீர் குடிக்க வருகிறார் என்று சொம்பை எடுத்து வைத்தேன். அவர் உள்ளே வரவில்லை. கொட்டகைப் பக்கம் டிராக்டர் உறுமுகிற சத்தம் கேட்டது.

“என்னங்க! ஏங்க! டிராக்டர் கூடாதுங்க!”

கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. பின்னால் கலப்பை தொங்க, வண்டி என் கண் முன்னாலேயே திரும்பி நிலத்துப் பாதையில் இறங்கியது. கம்பைத் தேடி எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். ஓட வேண்டும். எல்லோர் காலும் ஓடத்தான் இருக்கிறது, எனக்கு ஒரு காலும் ஓடவில்லை. வலது கால் போகிற வேகத்துக்கு இடது கால் வரவில்லை. இடது காலை ஊன்றினால் உயிர் போகிறது. நான் பத்து எட்டு வைப்பதற்குள் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. நான் பாதி வழி போவதற்குள் இரண்டு சுற்று சுற்றிவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. போனில் கூப்பிடலாம் என்று அப்போதுதான் புத்தி வந்தது. போன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது கடைசி இரண்டு வரிசை மட்டும் நின்றது. அதையாவது காப்பாற்றலாம் என்று புரட்டிப்போட்ட மண்ணில் கால் வைத்தேன். கம்பு ஒரு முழம் உள்ளே இறங்கியது. விழப் பார்த்தேன். உழுத மண்ணில் நடக்க இந்த முட்டியால் முடியாது. வரப்பில் நின்றபடியே இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் அந்த இரண்டு வரிசையையும் முடித்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்தினார்.

“உழக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னாளே!”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா செஞ்சீங்க?”

இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஒரு வரிசை வெட்டினேன். வெட்டி அள்ளி ஓரமாப் போட்டேன். பால் பிடிச்சிருக்குடி. அது பாட்டுக்குக் குவிஞ்சு கிடக்குது, என்னையே பாக்கற மாதிரி. இன்னும் எத்தனை வரிசை... குப்பையில போடவா வளர்த்தேன்? மண்ணுக்குள்ள போனா உரமாவது ஆகும்னு நெனச்சேன். உழுதா மறைஞ்சு போயிடும்ல. ரெண்டு மழை பெஞ்சா மேல புல்லு மூடிடும். யாருக்குத் தெரியப் போவுதுன்னு...”

முடிக்கவில்லை. மேலே பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வானம் ஒரு மேகம் இல்லாமல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

“என் காலுங்க” என்றேன். என்னை டிராக்டரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பத்தாம் நாள் ஆய்வாளர் வந்தாள். நேராக நிலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?”

“அவரால வெட்ட முடியலம்மா” என்றேன். மேடம் எல்லாம் போய் அம்மா என்று வந்துவிட்டது. “வெட்டினாருன்னு போட்டுடேன். செடி இப்போ இல்லதானே? அதுதானே உங்களுக்கு வேணும்?”

போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். திரையில் மூன்று கட்டம் இருந்தது. தரிசு, பயிர், உழவு. “இதுல ஒண்ணத்தான் தொட முடியும். தொட்டா உடனே காமிரா திறக்கும். காமிரா பாக்கறதும் நான் தொட்டதும் ஒத்துப் போகலேன்னா ஏத்துக்காது. தரிசுன்னு மூணு தடவ போட்டுப் பாத்தேம்மா. மூணு தடவையும் திருப்பிடுச்சு.”

“உங்க பெரிய ஆபீசருகிட்ட நான் வந்து கால்ல விழறேன்.”

“அவருக்கும் இதே கட்டம்தாம்மா.”

இவர் உள்ளேயிருந்து வந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையைக் குவித்தார். “தப்பு என்னுது. எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. அவ காலுக்கு மட்டும் குடுத்துடுங்க. அடுத்த வருஷத்துது வேண்டாம். எழுதிக் குடுத்துடறேன்.”

அவள் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. போன வருஷத் தொகைக்கு நோட்டீஸ் வரும், வந்தால் பயப்பட வேண்டாம், தவணையாகக் கட்ட எழுதிக் கேட்கலாம், எழுத நானே உதவி செய்கிறேன் என்று வேகமாகச் சொன்னாள். ஸ்கூட்டர் கிளம்பி ரோட்டில் ஏறுகிற வரைக்கும் நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். யாரைக் கோபித்துக்கொள்வது? வானத்தையா, அந்தப் பெண்ணையா, பால் பிடித்த விதையைக் குப்பையில் போடத் தெரியாத இவரையா? எட்டாம் நாள் நான் மட்டும் என்ன கிழித்தேன்?

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் கையில் இருப்பதை விற்றுக்கொண்டு வந்து நிற்பாள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்தது. ஆபரேஷனுக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை, இன்றைக்குள் கட்டாவிட்டால் அந்தத் தேதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஒரு பெண் சொன்னாள். இவர் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். சத்தம் வெளியே கேட்கிற போன். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கும் கேட்டது.

“வேற ஆளுக்குக் குடுத்துடுங்கம்மா” என்றேன்.

“அடுத்து எப்போ போடட்டும்?”

“நானே சொல்றேன்.”

“டாக்டர் தள்ளக் கூடாதுன்னு எழுதியிருக்காரே. காரணம் கேப்பாரு. என்னன்னு போடட்டும்?”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தோரு வருஷமாக இந்த மனிதரைப் பார்க்கிறேன். இப்படிச் சுருங்கி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

“அறுவடை நேரம்மா” என்றேன். “வீட்ல ஆள் ஒழியல. அப்படியே போட்டுக்கோங்க.”

“அப்படியா? நல்லதும்மா. விளைச்சல் எப்படி இருக்கு?”

“நல்லா வந்திருக்கு” என்று சொல்லி போனை வைத்தேன்.